சனிக்கிழமை சம்பளம் நிற்கக் கூடாது: சின்ன கம்பெனிகள் ரான்சம்வேரிடமிருந்து தப்பிக்கும் வழி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை செய்து தருவது என் தொழில். ஐந்து சிஸ்டத்திலிருந்து முப்பது சிஸ்டம் வரை வைத்திருக்கிற, ஐ.டி.க்கென்று தனி ஆள் இல்லாத கம்பெனிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் போட்டாக வேண்டும். பீஸ் ரேட் கணக்கு, ஜாப் ஒர்க் பில், ஏற்றுமதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பெரும்பாலும் ஒரே சர்வரில் இருக்கும். வியாழக்கிழமை ராத்திரி அந்த சர்வர் பூட்டிக்கொண்டால் வெள்ளிக்கிழமை பில் போகாது, சனிக்கிழமை டைலருக்குச் சம்பளம் போகாது. அந்த வாரச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அரிசி வாங்குகிறார்கள். அதனால் இதை நான் கம்ப்யூட்டர் விஷயமாக மட்டும் பார்ப்பதில்லை.

ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கிற புரோகிராம். அது என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைத் திறந்தால் கம்பெனி பட்டியல் காலியாக வரும். டேட்டா ஃபோல்டருக்குள் போனால் 10000, 10001 என்ற ஃபோல்டர்கள் அங்கேயேதான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகளில் ஒரு வால் ஒட்டியிருக்கும். கூடவே எல்லா ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் ஃபைல்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், இந்த முகவரிக்கு எழுதுங்கள், பணத்தைக் கிரிப்டோவில் கட்டுங்கள். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்னால் பிரதி எடுத்துக்கொண்டும் போகிறார்கள். பையர் அனுப்பிய டெக் பேக் (துணியின் டிசைன், அளவு விவரம்), தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்பது இரண்டாவது மிரட்டல்.

"நம்மளையெல்லாம் யாருங்க தேடி வரப் போறாங்க" என்று எல்லா ஓனர்களும் கேட்கிறார்கள். யாரும் பெயர் பார்த்துத் தேடுவதில்லை. இணையம் முழுக்க இருக்கிற முகவரிகளை ஒரு புரோகிராம் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. எது திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைகிறது. 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அப்படித்தான் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. அதைத் தடுக்கிற விண்டோஸ் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் சிக்கினார்கள். இங்கிலாந்தில் கே.என்.பி. என்று 158 வருடப் பழைய லாரி கம்பெனி ஒன்று இருந்தது. 2023-ல் அது ரான்சம்வேரில் மாட்டி, சில மாதங்களிலேயே மூடப்பட்டது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கம்பெனிக்காரர்களின் கணிப்பு. நம் நாட்டிலேயே 2024 ஜூலை கடைசியில், வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் ஒரு நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என ஏறக்குறைய 300 சின்ன வங்கிகளின் பணப் பரிமாற்றத்தைத் தற்காலிகமாகத் துண்டித்து வைத்தார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் பேக்கப். பாதி வேலை இதுதான்

"பேக்கப் எல்லாம் இருக்குதுங்க" என்று சொல்லாத கம்பெனியே கிடையாது. போய்ப் பார்த்தால் சர்வருக்குப் பின்னால் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வருடக்கணக்காகக் குத்தியபடியே தூசி படிந்து இருக்கும். அது பேக்கப் இல்லை. சர்வருக்கு டி டிரைவ் எப்படியோ அப்படித்தான் அந்த டிஸ்க்கும். டி டிரைவைப் பூட்டுகிற புரோகிராம் அடுத்த நொடியில் அதையும் பூட்டும். சொல்லப்போனால் உள்ளே வந்தவர்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் அழித்துவிட்டுத்தான் பூட்டத் தொடங்குவார்கள்.

நான் எல்லோருக்கும் அமைத்துத் தருவது இந்த முறைதான். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் சிவப்பு டேப், இன்னொன்றில் நீல டேப் ஒட்டுங்கள். சாயங்காலம் என்ட்ரி முடிந்து எல்லோரும் டேலியை விட்டு வெளியே வந்தபிறகு அன்றைய டிஸ்க்கைக் குத்தி, டேலி பேக்கப்பையும் டேட்டா ஃபோல்டரின் முழுப் பிரதியையும் தேதி போட்ட ஃபோல்டரில் எடுங்கள். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நீலம். ஒன்று கம்பெனி பீரோவில் இருக்கும்போது மற்றது ஓனர் வீட்டில் இருக்க வேண்டும். நேற்றைய பிரதியை அழித்துவிட்டு இன்றையதை எழுதக் கூடாது. குறைந்தது இரண்டு மாதப் பிரதிகள் தேதி வாரியாக இருக்கட்டும். ஏனென்றால் உள்ளே நுழைந்தவர்கள் சில சமயம் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் பூட்டுகிறார்கள்.

டிஸ்க்கைக் கழற்றி வைப்பதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு மெர்ஸ்க் கதை ஒன்றே போதும். உலகம் முழுக்கக் கன்டெய்னர் ஏற்றுகிற அந்தக் கப்பல் கம்பெனியை 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா தாக்கியது. பார்வைக்கு ரான்சம்வேர் மாதிரி இருந்தாலும், பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பி வராத வகை அது. கம்பெனியில் யார் எந்த சிஸ்டத்தில் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்று தானாகப் பிரதி எடுத்துக்கொள்ளும், அதனால் பயமில்லை என்று நினைத்திருந்தார்கள். எல்லாமே அழிந்துவிட்டன. கானா நாட்டில் ஒன்றே ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், தாக்குதலுக்குச் சற்று முன் அந்த ஊரில் கரன்ட் போயிருந்தது. அந்த ஒரு சர்வரின் டிஸ்க்கை ஆள் வைத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்துதான் அந்த விவரத்தையெல்லாம் திரும்பக் கட்டினார்கள். நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டிருந்த பிரதி ஒன்றுகூட உதவவில்லை. ஒட்டாமல் இருந்தது மட்டும்தான் உதவியது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவில் ஃபோல்டரை சிங்க் செய்து வைத்திருப்பதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இங்கே பூட்டப்பட்ட ஃபைல் அங்கேயும் பூட்டப்பட்டபடியே போய்ச் சேரும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவை 30 நாள் வரை பின்னுக்குத் திருப்பலாம், அது ஓரளவு காப்பாற்றும். ஆனாலும் கழற்றி வைத்த டிஸ்க்குக்கு அது ஈடாகாது. நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி) வைத்திருந்தால் அதை வெளியிலிருந்து இணையம் வழியாகத் திறக்கிற மாதிரி ஒருபோதும் விடாதீர்கள். 2022-ல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2022-ல் திருத்திய கம்பெனி கணக்கு விதிகளின்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டு அதற்கென ஒரு கிளவுட் பேக்கப்பை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதன் பாஸ்வேர்டு சர்வரில் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. குறிப்பிட்ட நாள் வரைக்கும் யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு கம்பெனியில் தினமும் சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் அக்கா தவறாமல் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தார். "பேக்கப் முடிந்தது" என்று மெசேஜும் தினமும் வந்தது. டிஸ்க்கை என் லேப்டாப்பில் போட்டு ரீஸ்டோர் செய்து பார்த்தால், மார்ச் 31-க்குப் பிறகு ஒரு வவுச்சர்கூட இல்லை. புது நிதியாண்டுக்கு டேட்டாவைப் பிரித்தபோது புதுக் கம்பெனியை வேறு டிரைவில் போட்டிருக்கிறார்கள். பேக்கப் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருந்தது. ரான்சம்வேர் எதுவும் வராமலே, சாதாரணமாகச் சோதித்தபோது தெரிந்ததால் பிழைத்தார்கள். அதனால் மாதத்தில் ஒரு நாள், சர்வரில் இல்லாமல் வேறொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்யுங்கள். டேலியைத் திறந்து வங்கி லெட்ஜரின் முடிவு இருப்பு, கடைசி இன்வாய்ஸ் நம்பர் இரண்டையும் பேக்கப் எடுத்த அன்றைய கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் ஒரு நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்து போடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். கம்பெனி படுத்துவிட்டால் எழுந்திருக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஓனருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

ரிமோட் என்ற திறந்த கதவு

நான் பார்த்தவரை சின்ன கம்பெனிகளுக்குள் வருகிறவர்கள் அதிகமும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஓனர் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும், அல்லது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பார்க்க வேண்டும். உடனே யாரோ ஒருவர் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டுப் போய்விடுவார். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அதில்தான் ஓடுகிறது. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது போலத்தான் இது.

உங்கள் சர்வரில் நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவுகளில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தவறான பாஸ்வேர்டோடு நுழைய முயன்ற ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வரி இருக்கும். போர்ட் திறந்திருக்கும் சர்வரில் அந்தப் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, சில நொடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு பெயராக முயன்றிருப்பார்கள்: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், அக்கவுண்ட்ஸ், டேலி. இதை ஓனர்களுக்கு ஸ்க்ரீனில் காட்டியபிறகு நான் வேறு எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குப் போய், போர்ட் ஃபார்வர்டிங் அல்லது வர்ச்சுவல் சர்வர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 3389 இருந்தால் உடனே நீக்குங்கள். நம்பரை மட்டும் 3390 என்று மாற்றி வைத்துப் பயனில்லை, அதையும் தட்டிப் பார்க்கிறார்கள். சிசிடிவி போட வந்தவர் திறந்துவிட்ட போர்ட்டுகளும் அங்கேயே இருக்கும், அவற்றையும் கேளுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டே அட்மின், அட்மின் என்று இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (இணையம் வழியாகக் கம்பெனி நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) போட்டு, பாஸ்வேர்டோடு மொபைலில் வரும் இரண்டாவது குறியீட்டையும் கேட்கிற மாதிரி வையுங்கள். அந்த இரண்டாவது குறியீடு இல்லாத ஒரே ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான் 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள் புகுந்தார்கள். கம்பெனி எரிபொருள் குழாயையே நிறுத்தி வைத்து, 44 லட்சம் டாலர் கட்டியது. தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்கும் எனிடெஸ்க் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள், ஆள் இல்லாதபோதும் பாஸ்வேர்டு போட்டு நுழையும் வசதியை அணைத்து வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து சம்மதம் கொடுத்தால் மட்டும் திறக்கட்டும்.

பாஸ்வேர்டும் பங்கிட்ட ஃபோல்டரும்

சர்வரில் தினசரி வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கு, அட்மின் பாஸ்வேர்டு ஓனரிடம் ஒரு கவரில். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே நிறுத்துங்கள். டி டிரைவ் முழுவதையும் எல்லோருக்கும் ஷேர் செய்து வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசிங் பிரிவின் சிஸ்டத்தில் வந்தது அந்த ஷேர் வழியாகவே டேலிக்குப் போகிறது. டேலி டேட்டா ஃபோல்டர் அக்கவுண்ட்ஸ் சிஸ்டங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். டேலியில் வால்ட் பாஸ்வேர்டு போட்டு வைத்தால் பூட்டுவதை அது தடுக்காது, ஆனால் திருடிக்கொண்டு போனவர்களால் கணக்கைப் படிக்க முடியாது.

கிராக் சாஃப்ட்வேர்

இதைச் சொல்லும்போது பல பேருக்கு என்மேல் வருத்தம் வரும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். டிசைன், சாம்பிள் செக்‌ஷன்களில் கோரல்டிரா, போட்டோஷாப் கிராக் போட்ட சிஸ்டங்கள் நிறைய. கிராக் போடும்போது "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று வரும், நாமும் ஆஃப் செய்வோம். ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பம் உலகம் முழுக்கப் பரவியது முக்கியமாக இந்தக் கிராக் ஃபைல்கள் மூலமாகத்தான். நாமே கதவைத் திறந்து உள்ளே கூட்டிவருகிறோம். லைசென்ஸ் வாங்க முடியாவிட்டால் இலவசமாகவே கிடைக்கும் இங்க்ஸ்கேப், ஜிம்ப் பழகுங்கள். விண்டோஸும் அப்படித்தான். ஒரிஜினல் இல்லை என்பதற்காக அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் வான்னாக்ரையை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் சிஸ்டங்களை மாற்றத் திட்டமிடுங்கள், சர்வரிலிருந்து தொடங்குங்கள்.

மெயில்

தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று மெர்ச்சண்டைசரிடம் சொல்வதில் அர்த்தமில்லை. தெரியாத பையரின் மெயிலைத் திறந்து பதில் போடுவதுதான் அவர்கள் வேலை. ரிவைஸ்டு ஆர்டர் என்று ஒரு ஜிப் ஃபைல் வந்தால் திறக்காமல் எப்படி இருப்பார்கள்? அதனால் அவர்கள் கையில் கருவியைக் கொடுங்கள். ஃபைல் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் செட்டிங்கை எல்லா சிஸ்டத்திலும் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் பிடிஎஃப் மாதிரி ஐகான் போட்டு எக்ஸ்இ என்று முடியும் ஃபைல் கண்ணுக்குத் தெரியும். பாஸ்வேர்டு போட்ட ஜிப், ஐஎஸ்ஓ, எல்என்கே, ஜேஎஸ் என்று முடிபவை எந்தப் பையரிடமிருந்தும் வரத் தேவையில்லாதவை. எக்ஸெல் ஃபைல் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்து மேக்ரோவை (ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன புரோகிராம்) அனுமதிக்கச் சொன்னால், பையருக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது. முடிந்தால் புது விசாரணைகளைத் திறப்பதற்கென்றே ஒரு பழைய சிஸ்டத்தை, எந்த ஷேரும் இல்லாமல், கெஸ்ட் வைஃபையில் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, ஓனர்களிடம் கேட்டுக்கொள்வது. தப்பான ஃபைலைத் திறந்துவிட்டேன் என்று ஒரு பெண் வந்து சொன்னால் திட்டாதீர்கள். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்து சொல்லாமல் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் கம்பெனி போகிறது. உடனே சொன்னவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

ஆன்டிவைரஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதுமானது, வேறு புரோகிராம் எதுவும் அணைத்துவிடாதபடி டேம்பர் புரொடெக்‌ஷனை ஆன் செய்து வையுங்கள்.

லீவுக்கு முன்னால்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த ஊரே காலியாகிவிடும். தாக்குகிறவர்களுக்கும் லீவு நாட்கள்தான் பிடிக்கும். அமெரிக்காவில் 2021 ஜூலை 2 அன்று, சுதந்திர தின விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பிய வெள்ளிக்கிழமை பார்த்து, கசேயா என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வழியாக நூற்றுக்கணக்கான கம்பெனிகளைப் பூட்டினார்கள். போனஸ் பட்டுவாடா முடிந்ததும் இரண்டு டிஸ்க்கிலும் பேக்கப் எடுத்து, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, சர்வரையும் எல்லா சிஸ்டங்களையும் ஷட்டவுன் செய்யுங்கள். சிசிடிவி ஓட வேண்டுமென்றால் அதற்குத் தனி இணைப்பு இருக்கட்டும்.

வந்தேவிட்டால்

முதல் வேலை, நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவது. வைஃபை ரவுட்டரையும் அணையுங்கள். ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அதோடு நிற்கும். சிஸ்டங்களை ஃபார்மட் செய்யாதீர்கள், மிரட்டல் நோட்டை மொபைலில் போட்டோ எடுங்கள்.

பேக்கப் டிஸ்க்கை அந்த சர்வரில் குத்தவே கூடாது. பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். பீரோவில் பத்திரமாக இருந்த ஒரே நல்ல பிரதியும் இரண்டே நிமிடத்தில் போய்விடும். சுத்தமான வேறு லேப்டாப்பில், நெட் இல்லாமல் திறந்து, முதலில் அதற்கே இன்னொரு பிரதி எடுங்கள். சர்வரை முழுதாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டு, அந்த ரிமோட் கதவையும் மூடிய பிறகுதான் டேட்டாவைத் திரும்ப ஏற்ற வேண்டும். வேறு சுத்தமான சிஸ்டத்திலிருந்து மெயில், வங்கி, ஜிஎஸ்டி, ஈ-வே பில் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றுங்கள். உள்ளே இருந்தவர்கள் அவற்றையும் பார்த்திருப்பார்கள்.

1930-க்கு போன் செய்து சைபர் கிரைமில் புகார் பதிவு செய்யுங்கள். 2022 ஏப்ரலில் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி, இப்படி நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் இலவச எண் 1800-11-4949. சைபர் இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்களிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். இந்த எண்களையெல்லாம் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், சிஸ்டத்துக்குள் இருந்தால் அன்றைக்குத் திறக்காது.

பணம் கட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024-ல் அமெரிக்காவின் மருத்துவ பில் கம்பெனியான சேஞ்ச் ஹெல்த்கேர் 2 கோடியே 20 லட்சம் டாலர் கட்டியது. கட்டிய பிறகும் இன்னொரு கும்பல் அதே டேட்டாவைக் காட்டி மறுபடியும் மிரட்டியது. நாங்கள் பூட்டைத் திறந்து தருகிறோம் என்று வரும் ரெக்கவரி ஆட்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். எப்படித் திறப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிலர் திருடனிடமே பணம் கட்டிவிட்டு, அதற்கு மேல் உங்களிடம் வாங்குவார்கள்.

ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளம் இருக்கிறது. பூட்டிய ஃபைல் ஒன்றையும் மிரட்டல் நோட்டையும் அதில் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும், சாவி கிடைத்திருந்தால் இலவசமாகவே தரும். அதில் ஏற்றுவதற்கு ஆதார், சம்பள விவரம் எதுவும் இல்லாத ஒரு ஃபைலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்குச் சாவி இல்லாவிட்டாலும், கும்பலைப் போலீஸ் பிடித்த பிறகு சாவி வெளிவருவது உண்டு. அதனால் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல், மிரட்டல் நோட்டோடு சேர்த்து ஒரு தனி டிஸ்க்கில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தளத்தில் மறுபடி பார்க்கலாம்.